பழுது தெரிந்த பெட்டி

எங்கள் தெருவில் ஒரு பையன் பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து, அதில் வேறு எஞ்சின் ஏற்றப் போகிறான். "தாத்தா, நீங்க அந்தக் காலத்துல உங்க மச்சானுக்கு ஜீப் ரெடி பண்ணிக் கொடுத்தீங்களாமே, கியர் பாக்ஸ் எப்படிப் பார்த்து வாங்கினீங்க?" என்று கேட்டான். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வண்டி ஆசை இல்லாதவர்களும் படிக்கலாம். பழைய பொருள் எதை வாங்கினாலும் இந்தப் பாடம் உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பிரெஞ்சு வழியில். ஆனாலும் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தால் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குள் போன மாதிரிதான் இருக்கும். கேரேஜ், சேசிஸ், கார்புரேட்டர், ஷோபர் எல்லாமே பிரெஞ்சுக்காரன் வீட்டுச் சொற்கள். ஷோபர் என்றால் அடுப்பை மூட்டிச் சூடேற்றுகிறவன் என்று அர்த்தம், நீராவி வண்டிக் காலத்தில் வந்த பெயர். நம் ஆட்கள் 'பினியன்' என்று சொல்லும் பல்சக்கரம் எங்கள் பாடப்புத்தகத்தில் 'பிஞ்ஞோன்'. கியர் பெட்டிக்கு 'புவாத் தெ வித்தெஸ்', அதாவது வேகங்களின் பெட்டி. நியூட்ரலுக்குப் பெயர் 'புவென் மோர்', செத்த புள்ளி. வாத்தியார் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது எல்லாம் புரிந்தது. ஆனால் ஒரு பல்சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான்.

என் மச்சான் பாகூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்தான். மில் வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில், கண்டம் செய்யப்பட்ட ஒரு பெட்ரோல் ஜீப்பை ஏலத்தில் எடுத்தான். 1990-களின் தொடக்கம் அது. ஏலம் விட்டது வேறு இலாகா. என் ஆபீஸ் ஏலமாக இருந்திருந்தால் அவனைப் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டேன். வண்டி சீஜே 3பி மாடல், மூக்கு உயரமாக, பானெட் தூக்கலாக இருக்குமே, அதேதான். உடம்பு நன்றாக இருந்தது. எஞ்சின்தான் பெட்ரோலைக் குடித்துவிட்டுப் புகையைத் துப்பியது. உர மூட்டை, விதை மூட்டை, மோட்டார் பம்பு என்று ஏற்றி இறக்கிப் பிழைக்க நினைத்தவனுக்கு அந்தப் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை.

டீசல் எஞ்சின் மாற்றுவது என்று முடிவானது. அதற்காக அவன் மனைவி தன் எட்டு சவரன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். சங்கிலி பேங்க்கில் அடகுக்குப் போனது. "மாமா, இந்தப் பணத்துக்கு மேல ஒரு ரூபா கிடையாது. தப்பாப் போச்சுன்னா வண்டியும் இல்ல, சங்கிலியும் இல்ல" என்றான். அவன் கணக்குப்படி எஞ்சினுக்கு ஒரு பங்கு, கியர் பெட்டிக்கு ஒரு பங்கு, வேலைக் கூலிக்கு ஒரு பங்கு. இரண்டாம் முறை எதையும் வாங்க வழியில்லை.

எஞ்சின் சுலபமாக அமைந்தது. மகிந்திரா ஜீப்பிலிருந்து இறங்கிய எக்ஸ்டிபி 4.90, நான்கு சிலிண்டர், 2,112 சிசி. பெயரில் உள்ள 90, சிலிண்டர் துளையின் அகலம் மில்லிமீட்டரில். பிறவியில் அது பிரெஞ்சு எஞ்சின், பெழோ கம்பெனியின் வடிவம். காபிக்கொட்டை அரைக்கும் கைமில் செய்த அதே பெழோதான். எங்கள் மெக்கானிக் பாய் அதை 'பீஜோ' என்பார். நான் ஒருநாள் 'பெழோ' என்று திருத்தினேன். "சார், நீங்க எப்படிக் கூப்பிட்டாலும் அது ஸ்டார்ட் ஆகும்" என்றார்.

எஞ்சின் வந்ததும் மச்சானுக்கு வேலை பாதி முடிந்த மாதிரித் தோன்றியது. பாய் அப்படி நினைக்கவில்லை. "எஞ்சின் ரிப்பேர்னா பாண்டியிலேயே பத்து ஆள் இருக்கான். கியர் பாக்ஸ் சேரலேன்னா வண்டி ஷெட்டுலயே நிக்கும்" என்றார். எஞ்சின் மாற்றுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். எஞ்சினுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று இரண்டோடும் ஒத்துப்போக வேண்டியது கியர் பெட்டி. முன்பக்கம் எஞ்சினோடு பொருந்த வேண்டும், பின்பக்கம் வண்டியோடு பொருந்த வேண்டும். இரண்டு வீட்டுச் சம்பந்தம் பேசுகிற தரகர் மாதிரி.

ஆகவே பெட்டி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால், பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஊர் கிளம்பும் முன்பே பாய் ஒரு பட்டியல் சொன்னார். குமாஸ்தா புத்தி, நான் அதை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

முதலாவது, பெல் ஹவுசிங். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற மணி போன்ற கூடு அது. அதன் போல்ட் துளைகள் எஞ்சினின் பின்முகத்தோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது, பெட்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட். அதில் உள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை கிளட்ச் தட்டோடு சேர வேண்டும், அதன் நுனி பிளைவீலுக்கு நடுவில் உள்ள சிறிய பேரிங்கில் ஆடாமல் உட்கார வேண்டும், நீளமும் சரியாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் வருகிறது. நான்காவது, பெட்டியின் மொத்த நீளம். கூடினாலும் குறைந்தாலும் பின்னால் போகும் ஜாயின்ட் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டிவரும். ஐந்தாவது, கியர் ராடு எங்கே வந்து நிற்கும். டிரைவர் மடியிலா, டேஷ்போர்டுக்கு அடியிலா? ஆறாவது, ஸ்பீடோமீட்டர் கேபிள் எங்கே மாட்டும்.

ஜீப்புக்கு ஏழாவதாக ஒன்று உண்டு. நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டி, கியர் பெட்டியின் முதுகில் நேராக ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஜீப்பின் பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் கூடு நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளி இருந்தது, டிரான்ஸ்பர் பெட்டியின் வாயும் வலப்பக்கம் தள்ளி இருப்பதால். இது தெரியாமல் கார் பெட்டியை வாங்கினால் ஷாஃப்ட் கோணலாக ஓடும்.

பாய் ஒரு கணக்கும் போடச் சொன்னார். மச்சானுக்கு ஐந்து கியர் பெட்டி மேல் ஆசை, மைலேஜ் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆக்சிலில் கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். வகுத்தால் ஏறக்குறைய 5.38. அதாவது டாப் கியரில் எஞ்சின் ஐந்தே கால் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 16 இஞ்ச் ஜீப் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டே கால் மீட்டர் போகும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும். 75-இல் போக 3,000 சுற்று வேண்டும். தினம் சென்னைக்குப் போகிறவனுக்கு ஐந்தாவது கியர் லாபம். பாகூர் வரப்பு ரோட்டில் மூட்டையோடு போகிறவன் 50-ஐத் தாண்டப் போவதில்லை. அவனுக்கு வேண்டியது நல்ல முதல் கியரும் நல்ல ரெண்டாவது கியரும்தான். காகிதத்தில் போட்டுக் காட்டியதும் மச்சான் ஆசை அடங்கியது. முழுதாக அடங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஜீப்பில் இருந்த பழைய மூன்று கியர் பெட்டியையே வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். பீஜோ எஞ்சினோடு அதைச் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்து போடலாம், சிலர் போடுகிறார்கள் என்றார் பாய். ஆனால் தகட்டின் மையமும் எஞ்சின் மையமும் ஒரு மயிரிழை விலகினாலும் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் நெளியும், பேரிங் தேய்ந்து சத்தம் கொடுக்கும். "லேத்துக்காரன் கை சுத்தமா இருந்தா சரி. இல்லேன்னா ஆறு மாசத்துல என்னைத் தேடி வருவீங்க." ஆகவே அதே எஞ்சினோடு மகிந்திரா ஜீப்பில் வந்த நான்கு கியர் கேஎம்டி-90 பெட்டியை, பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், டிரான்ஸ்பர் பெட்டி, கியர் ராடு என்று முழுச் செட்டாக வாங்குவது என்று முடிவு செய்தோம்.

சென்னை புதுப்பேட்டைக்கு விடியற்காலை பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கூவத்துக்கு இப்பால், எழும்பூருக்குப் பக்கத்தில், சந்து சந்தாகப் பழைய வண்டிப் பாகங்கள். ஒரு கடையில் கதவு மட்டும், ஒரு கடையில் ஸ்டியரிங் மட்டும். பாய் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஸ்பேனர்கள், டார்ச் லைட், ஒரு துண்டு சாக்பீஸ், உடைந்த ஆக்சா பிளேடு, பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்துச் சணலில் கட்டிய காந்தம்.

முதல் கடையிலேயே மச்சான் நின்றுவிட்டான். இசுசு எஞ்சினோடு வந்த கான்டசா காரின் ஐந்து கியர் பெட்டி. "மாமா, இதைப் பாருங்களேன்" என்றான். பாய் ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்து அதன் முதுகைக் காட்டினார். டிரான்ஸ்பர் பெட்டி ஒட்ட இடமே இல்லை, வாய் நட்டநடுவில். பெல் ஹவுசிங்கும் வேறு. பெட்டியில் குறை ஒன்றும் இல்லை, எங்களுக்கானது இல்லை, அவ்வளவுதான்.

ஜீப் பெட்டிகள் அன்று எங்கள் கண்ணில் பட்டவை மூன்று.

ஒன்று வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மூடிகளின் விளிம்பில் புதுப் பசை பிதுங்கியிருந்தது. பாய் என்னிடம் மெதுவாக, "சார், ஏன் புதுசாப் பசை? யாரோ சமீபத்துல திறந்திருக்கான். எதுக்குத் திறந்தான்?" என்றார். ஃபைலில் நடுவில் ஒரு பக்கம் மட்டும் புதுக் காகிதமாக இருந்தால் எனக்கு வருகிற அதே சந்தேகம். அடி போல்ட்டைக் கழற்றி எண்ணெயைப் பார்த்தார். தேன் நிறத்தில் புது எண்ணெய். புது எண்ணெய் எந்த உண்மையையும் சொல்லாது. பிறகு காந்தத்தை மேல் துளை வழியாக இறக்கி அடியில் துழாவி எடுத்தார். அரிசிக் குருணை அளவில் இரும்புச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. எங்கோ பல் உடைந்திருக்கிறது. கடைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது, வெட்டவெளியில் கிடந்தது. எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றினால் மணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு. பேரிங் குண்டுகளில் துரு பிடித்துக் குழி விழுந்துவிட்டது. பேரிங் மாற்றலாம்தான். ஆனால் துரு பேரிங்கோடு நிற்காது, ஷாஃப்டையும் பற்களின் முகத்தையும் தின்றிருக்கும். அதையும் விட்டோம்.

மூன்றாவது ஒரு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் ஏறிக் கிடந்தது. மச்சான் முகம் சுளித்தான். பாய்க்கு அந்த அழுக்கு பிடித்திருந்தது. யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அழுக்குதான் சாட்சி. கூட்டில் வெடிப்பு, வெல்டிங் தழும்பு, உடைந்த காது எதுவும் இல்லை. எண்ணெய் கறுப்பு, ஆனால் கருகிய வாடை இல்லை. காந்தத்தில் மை போலச் சாம்பல் நிறக் குழம்பு மட்டும் வந்தது. அது இயல்பான தேய்மானம், வயதானவர்களுக்கு நரைப்பது மாதிரி. விரலால் தேய்த்தால் உறுத்தவில்லை. ஆனால் எண்ணெயை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்தபோது மஞ்சள் பொடி மினுங்கியது. "பித்தளை" என்றார் பாய்.

இன்புட் ஷாஃப்டின் நுனியை மேலும் கீழும் ஆட்டினார். கொஞ்சம் ஆடியது. மச்சான் பதறினான். அந்த நுனியைத் தாங்குவது பிளைவீலில் உள்ள பேரிங், பெட்டி தனியாகக் கிடக்கும்போது சிறிது ஆடத்தான் செய்யும் என்று விளக்கினார். முன்னும் பின்னும் இழுத்தால் தடதடவென்று வரக் கூடாது. வரவில்லை. பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டு, சாக்பீஸால் அடையாளம் வைத்து, முன்னால் சுற்றினால் பின்னால் எத்தனை சுற்று என்று எண்ணினார். டாப்பில் ஒன்றுக்கு ஒன்று. நியூட்ரலில் பின்பக்கம் அசையவில்லை. என் செத்த புள்ளி செத்தேதான் இருந்தது. எந்தக் கியரும் தானாகக் கழன்று வரவில்லை.

மேல்மூடியைத் திறக்க வேண்டும் என்றதும் கடைக்காரர் மறுத்தார். "பிரிச்சா நீங்க எடுத்தே ஆகணும் பாய்." பாய் குரல் உயர்த்தவில்லை. "புது பேக்கிங் நான் வாங்கித் தர்றேன். மூடியும் நானே போடுறேன். பிடிக்கலேன்னா உங்க சரக்கு உங்க கிட்ட சுத்தமா இருக்கும். இவங்க நகையை வெச்சுட்டு வந்திருக்காங்க." அரை மணி நேரமும் ஒரு டீயும் ஆனது. திறந்தோம்.

உள்ளே பற்களின் முகம் பளபளப்பாக, குழி விழாமல் இருந்தது. முதலும் ரிவர்ஸும்தான் அதிகம் அடிபடும் பற்கள், அவற்றின் ஓரம்கூடச் சிதையவில்லை. கியரைத் தள்ளும் ஃபோர்க்குகள் தேயவில்லை. பித்தளைச் சிங்க்ரோ ரிங்குகளை ஒவ்வொன்றாக அதன் கியர் மேல் அழுத்திப் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளியில் ஆக்சா பிளேடை நுழைத்தார். மற்றவற்றில் தாராளமாக நுழைந்தது. ரெண்டாவது கியரில் நுழையவே இல்லை. ரிங் தேய்ந்து கியரோடு ஒட்டிவிட்டது. மஞ்சள் பொடி வந்த இடம் அதுதான். ஓட்டினால் ரெண்டாவது போடும்போது கர்ரென்று கத்தும்.

மச்சான் சோர்ந்துபோனான். "இதுலயும் பழுதா? வேற ஊர்ல பாப்போமா மாமா?"

பாய் அப்போது சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். "பழுது இல்லாத பழைய பெட்டி எங்க இருக்கு? அந்த வெள்ளிப் பெட்டியில பழுது எங்கேன்னு தெரியாது. இதுல தெரிஞ்சுபோச்சு. ரிங் கடையில கிடைக்கும், நான் மாத்துவேன். அந்த ரிங் ஏறி உட்கார்ற கியர் முகமும் சின்னப் பல்லும் நல்லா இருக்கு, அதான் முக்கியம்."

நான் என் நோட்டில் பெட்டியின் விலையோடு ரிங், பேரிங், எண்ணெய் சீல், பேக்கிங் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கூட்டினேன். எங்கள் தொகைக்குள் அடங்கியது. ரிங் பழுதைக் காட்டிப் பேரம் பேசியதில் கொஞ்சம் குறையவும் செய்தது. பில் எழுதி வாங்கினேன். பில்லில் பெட்டியின் வார்ப்பு எண்ணையும் எழுதச் சொன்னபோது கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பாண்டியில் பாய் ஒரு வாரம் வேலை செய்தார். ரெண்டாவது கியர் ரிங்கோடு மற்ற ரிங்குகளையும் மாற்றினார், எல்லா சீலையும் மாற்றினார். எண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. ஆக்சிலுக்கு ஊற்றுகிற காட்டமான எண்ணெயைக் கியர் பெட்டிக்கு ஊற்றக் கூடாது, அதில் உள்ள மருந்து பித்தளையை அரிக்கும் என்றார். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். பித்தளை ரிங் உள்ள பழைய பெட்டிக்கு முதலாவதுதான். தெருப் பையன் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

காகித வேலை என் பொறுப்பு. கியர் பெட்டியின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது. ஆனால் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் இருக்கும். எஞ்சின் மாறினால் பதிவும் மாற வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். நாங்கள் முறைப்படி மனுப் போட்டு, பில்களை இணைத்து, வண்டியைக் காட்டி மாற்றிக்கொண்டோம். 2000-இல் அந்தப் பிரிவைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே இன்றைக்கு எஞ்சின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, அனுமதி எழுத்தில் கையில் வந்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். எங்கள் காலத்துக் கதையைக் கேட்டு அப்படியே செய்துவிடாதே தம்பி.

ஜீப் ஓடியது. முதல் நாள் பாகூர் போகும் வழியில் மச்சான் வேண்டுமென்றே நாலைந்து தடவை ரெண்டாவது கியருக்கு இறக்கிப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பிறகு மூட்டை, பம்பு, பக்கத்து நிலத்துக்காரர்களின் அறுவடைச் சாமான் என்று அதற்கு ஓய்வே இல்லை. கிளட்ச் தட்டு ஒரு முறை மாற்றினார்கள். பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை, நான் அறிந்தவரை, வரவில்லை.

இரண்டாம் வருஷப் பொங்கலுக்கு அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் அந்தச் சங்கிலி இருந்தது. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள். "அண்ணா, வட்டியோட சேத்து மீட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மனைவிக்கு உதவ அடுப்படிக்குப் போய்விட்டாள்.